பதினெட்டாவது போல்ட்

டமாரத்தின் வாய்க்கு அவர் மனைவி பூட்டுப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். அன்றுதான் அவர்கள் மகளுக்கும் ஒட்டடையின் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்தார்கள். பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஒரு வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, பெரியவர்கள் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தன.

ஒட்டடை குடும்பத்தோடு படியிறங்கிப் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே அவரை டேய்னு கூப்பிடக் கூடாது."

"யாரை?"

"சம்பந்தியை."

"ஒட்டடையவா?"

"ஒட்டடையும் கிடையாது. சம்பந்தி. வாங்க, போங்க. நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்ல வாழப் போறா. நீங்க அவரைப் பேசற பேச்சுக்கு வேற யாராவது இருந்தா போலீசுக்குப் போயிருப்பாங்க."

டமாரத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பட்டறையின் பின்பக்கம் அவர் தும்மினால் முன்பக்கம் ரசீது எழுதுகிறவர் கை நடுங்கும். ஒட்டடை நேர் எதிர். ஆறடிக்கு மேல் உயரம், சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேற்கூரை மூலையில் நூலாம்படை தெரிந்தால், "டேய், தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டிட்டு வா" என்று டமாரம்தான் அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் ஒரே பட்டறை. ஒரே வண்டிக்கு அடியில், இடது சக்கரம் ஒட்டடைக்கு, வலது சக்கரம் டமாரத்துக்கு. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டது, முதலாளி செத்த அன்று ஒரு தடவை.

திங்கட்கிழமை காலை டமாரம் பட்டறைக்குள் நுழைந்தபோது ஒட்டடை எழுந்து நின்றார்.

"வாங்க சம்பந்தி. சாப்டீங்களா?"

அந்த வீட்டிலும் பூட்டுப் போட்டாகிவிட்டது என்று டமாரத்துக்குப் புரிந்தது.

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு."

பேச்சு அதோடு முடிந்தது.

அன்றைக்கு ரீகால் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பது வேன்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்பதும் ஒரே மாடல், ஒரே மஞ்சள். வேன் செய்த கம்பெனியே தப்பை ஒப்புக்கொண்டு, விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. பின் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் கையை ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. அந்த போல்ட் நாளாக நாளாகத் தளர்கிறது. தளர்ந்தால் கை நகரும். நகர்ந்தால் பக்கத்தில் ஓடும் பிரேக் லைட் ஒயரில் உரசும். முதலில் விளக்கு விட்டு விட்டு எரியும், அப்புறம் எரியாது. கடைசியில் போல்ட்டே கழன்று சக்கரம் சாய்ந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் பழைய போல்ட்டை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். ஒயரைத் தள்ளி ஒரு கிளிப்பில் மாட்ட வேண்டும். ஒன்பது வண்டி, பதினெட்டு போல்ட், பதினெட்டு கிளிப்.

"நாளைக்குப் பசங்களை மலைக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போறாங்க. இன்னிக்குள்ள முடிச்சாகணும் அண்ணே," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களை விடப் பதினைந்து வயது சின்னவள். இருவரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவள் அண்ணே என்று சொன்னால் அதில் தங்கைப் பாசம் கொஞ்சம்தான் இருக்கும், மீதி உத்தரவு.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. புத்தகத்தில் எழுதாத பழக்கம். போல்ட்டை இறுக்க ஒரு ஸ்பேனர் உண்டு. சரியான அளவு இறுகியதும் "டிக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். டமாரம் முடித்த போல்ட்டில் ஒட்டடை வந்து ஒரு டிக் வைப்பார். ஒட்டடை முடித்ததில் டமாரம் ஒரு டிக் வைப்பார். "என்னடா, கையில தெம்பு இல்லையா, வீட்ல சோறு போடலையா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து வைப்பார். அதற்குப் பிறகுதான் சக்கரம் ஏறும். கடைசியாக டிரைவர் கதவோரத்தில் பச்சை பெயிண்டால் ஒரு பொட்டு. பொட்டு வைத்த வண்டி முடிந்த வண்டி.

அன்று காலை முதல் வண்டியில் டமாரம் தன் வேலையை முடித்துவிட்டு, வழக்கம்போல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போனார். ஒட்டடை நிமிர்ந்து பார்த்தார். டமாரத்தின் கை அப்படியே நின்றது. சம்பந்தி செய்த வேலையைச் சோதிப்பதா? பெண் கொடுக்கப் போகிற இடத்தில், முதல் நாளே, உன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வது போல் ஆகாதா?

"சும்மா வந்தேன்," என்றார். "அருமையா இறுக்கியிருக்கீங்க."

"எல்லாம் உங்ககிட்டப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் சம்பந்தி."

பொய். ஒட்டடைதான் இவருக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் உண்மைக்கு அங்கே உட்கார இடமிருப்பதில்லை.

அன்று முழுவதும் ஒருவர் பக்கம் மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை. பட்டறையே அமைதியாக இருந்தது. பெயிண்ட் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வண்டியில் டமாரம் பழைய போல்ட்டைப் பாதி கழற்றியிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்குக் கீழ என்ன போடறது? மெக்கானிக்கா, சீனியர் மெக்கானிக்கா?"

"வெறும் பேர் போதும்."

"அவங்க சீனியர் மெக்கானிக்னு போடறாங்களாம்."

"அப்படியா? அப்ப நமக்கும் போடு."

பேசி முடித்துத் திரும்பினால், வலது சக்கரம் மாட்டியிருந்தது. கதவோரத்தில் பச்சைப் பொட்டு ஈரமாகப் பளபளத்தது. வண்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒட்டடை கையைத் துடைத்தபடி சிரித்தார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே முடிச்சுட்டேன் சம்பந்தி."

டமாரத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. "ரொம்ப நன்றிங்க," என்றார். அடுத்த வண்டி ஏறியது.

ஐந்து மணிக்கு டிரைவர்கள் வந்து ஒன்பது வேன்களையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒட்டடை கல்யாண மண்டபம் பார்க்கக் கிளம்பினார். டமாரம் புது போல்ட்கள் வைத்திருந்த தட்டைக் கழுவ எடுத்தார். தட்டின் மூலையில் ஒரு போல்ட் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிளிப். இரண்டும் புத்தம் புதுசு.

பழைய போல்ட்களைப் போட்டிருந்த பெட்டியை இழுத்தார்.

பெட்டியைக் கவிழ்த்தார். பழைய போல்ட்களை எண்ணினார். பதினேழு. மறுபடி எண்ணினார். போல்ட் குட்டி போடவில்லை, பதினேழுதான்.

ஒட்டடை "முடிச்சுட்டேன்" என்றது எதை? போல்ட்டையா, சக்கரத்தையா? "டேய், என் போல்ட்டை மாத்தினியா இல்லையாடா?" என்று போனில் ஒரு வரி கேட்டால் தீர்ந்தது. டமாரம் நம்பரை அழுத்தினார். எடுத்தது ஒட்டடையின் மனைவி.

"சொல்லுங்க சம்பந்தி. இங்க மண்டபத்துலதான் இருக்கோம். உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தார். தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசறதில்லைன்னு."

இதற்கு மேல் டேய் என்று எப்படிக் கேட்பது? "மண்டபத்துல ஃபேன் எல்லாம் சுத்துதான்னு பார்த்துக்கச் சொல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் தட்டிலிருந்த போல்ட் அவரையே பார்த்தது. நாளைக்கு ஒரு வேனில் பதினாறு பிள்ளைகள் உட்காருவார்கள். அந்த வேனின் சக்கரத்தில் பாதி கழன்ற போல்ட் இருக்கும். மலையேறும்போது வளைவுக்கு வளைவு அது இன்னும் கொஞ்சம் கழலும். சம்பந்தமாவது மண்ணாவது. நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போய் போல்ட்டை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு மிச்சம்."

அவள் போல்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. போனை எடுத்தாள். ஒன்பது டிரைவர்களிடமும் பேசினாள். யாரும் இன்று வண்டியை எடுக்க வேண்டாம், காலையில் ஆளேற்றாமல் நடை வேகத்தில் பள்ளிக்கு ஓட்டி வாருங்கள் என்றாள். தலைமையாசிரியையிடம், நாங்கள் சொல்லும் வரை ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது என்றாள். கடைசியாக ஒட்டடையிடம் பேசினாள். "காலைல ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல இருங்க அண்ணே. ஒரு போல்ட் மிச்சமாயிருக்கு."

மறுநாள் ஏழு மணிக்கு பள்ளி மைதானத்தில் ஒன்பது மஞ்சள் வேன்களும் நின்றன. பார்த்தால் ஒரே அச்சு. ஒட்டடை முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ராத்திரி தூங்காத கண்.

"தப்பு என்னுதுதான் மேடம்," என்றார் எடுத்த எடுப்பில். "இடது பக்கம் எதையோ விட்டுட்டேன்."

"இல்ல மேடம்," என்றார் டமாரம். "வலது பக்கம்தான். என் தப்பு."

"சம்பந்தி, எனக்காகப் பழியை ஏத்துக்காதீங்க."

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி, என் கைதான் சரியில்லை."

"உங்க கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராதுங்க."

சூப்பர்வைசர் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள், போக்குவரத்தை நிறுத்துகிறவள் போல.

"யார் தப்புன்னு எனக்கு வேணாம் அண்ணே. எந்த வண்டின்னு வேணும். அதைச் சொல்லுங்க."

எந்த வண்டியில் போன் வந்தது என்று டமாரத்துக்கே நினைவில்லை. போல்ட் இருக்கும் இடம் சக்கரத்துக்குப் பின்னால். சக்கரத்தைக் கழற்றாமல் தெரியாது. இருவரே பதினெட்டுச் சக்கரம் கழற்றி மாட்ட மத்தியானம் ஆகிவிடும். எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தோளில் பையும் தலையில் தொப்பியுமாக மைதானத்தின் ஓரத்தில் நின்று, தங்கள் வேன்களை யாரோ பறித்துக்கொண்டது போல் பார்த்தார்கள்.

டமாரத்தின் பார்வை வாசல் பக்கம் போனது. கேட்டை ஒட்டி ஒரு வேகத்தடை. அவருக்குப் பொறி தட்டியது.

"மேடம், ஒயர். அந்தப் பக்கம் கிளிப்பும் மாட்டலை இல்ல? கை நகர்ந்தா ஒயர்ல உரசும். ஆளை ஏத்தி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வேகத்தடையில மெதுவா ஏறி இறங்கினா விளக்கு காட்டிக் கொடுத்துடும்."

"காலி வண்டியில காட்டாதுங்க," என்றார் ஒட்டடை, தன்னை மறந்து. "பாரம் வேணும். பெரிய பாரம்."

பாரத்துக்கு எங்கே போவது? பிள்ளைகளை ஏற்ற முடியாது. சூப்பர்வைசர் டிரைவர்களைப் பார்த்தாள். ஒன்பது பேர். அதில் ஐந்து பேருக்குத் தொப்பை, ஆளுக்கு ஒரு மூட்டை அளவு.

"ஏறுங்கண்ணே," என்றாள்.

ஒருவர் ஓட்ட, எட்டுப் பேர் பின் இருக்கைகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பெரிய தொப்பைக்காரர், "நான் நடுவுல உட்காரணுமா, சக்கரத்து மேல உட்காரணுமா?" என்று கேட்டார். "நீ எங்க உட்கார்ந்தாலும் எல்லாச் சக்கரத்துக்கும் தெரியும்யா," என்றார் இன்னொருவர். வேன் ஆமை போல் நகர்ந்து வேகத்தடை ஏறி இறங்கியது. டமாரமும் ஒட்டடையும் பின்னால் குத்த வைத்து, ஆளுக்கு ஒரு விளக்கைப் பார்த்தார்கள்.

"வலது எரியுது."

"இடதும் எரியுது."

ஓரத்தில் நின்ற பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது வேன் தடையைத் தாண்டியபோது மைதானமே சேர்ந்து கத்தியது. "எரியுது." எட்டுப் பேரும் இறங்கி அடுத்த வேனில் ஏறினார்கள். மூன்றாவது. "எரியுது." நான்காவது. ஏறி இறங்கி டிரைவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பு குறையவில்லை. அவர்களை வைத்து யாராவது வண்டி ஓட்டி எத்தனை நாளாயிற்று. ஐந்தாவதில் தொப்பைக்காரர் ஜன்னல் வழியாக ராஜா போல் கையாட்டினார். தலைமையாசிரியை கூடப் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, பிறகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஏழாவது வேன். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கும்போது வலது விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டியது.

"அணைஞ்சுது!" என்றன நூறு குரல்கள்.

டமாரம் மட்டும் கத்தவில்லை. அது அவர் பக்கம்.

அங்கேயே ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றியதும் பழைய போல்ட் தெரிந்தது. டமாரம் இரண்டு விரலால் திருகினார். மூடி போல் சுழன்று கையில் வந்தது. ஒட்டடை அந்த போல்ட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நேத்து போன் வந்தப்ப பாதியில விட்டுட்டுப் போனேன்," என்றார் டமாரம். "வந்து பார்த்தா சக்கரம் ஏறியிருந்துச்சு. நீங்களே போல்ட்டையும் போட்டுட்டீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் நன்றி சொன்னேன்."

"நான் சக்கரத்தை மட்டும்தான் மாட்டினேன். அதுக்குத்தான் நன்றி சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"ஒரு டிக் வச்சுப் பார்த்திருக்கலாமே."

"எப்படிப் பார்ப்பேன்? சம்பந்தி வேலையைச் சந்தேகப்படறதான்னு..." ஒட்டடை நிறுத்தினார். ஏதோ உள்ளே உடைந்துகொண்டு வந்தது. "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லடா? இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவே. நேத்து ஒரு நாள் பார்த்து உனக்கு மரியாதை பொங்கிடுச்சா? பாதி போல்ட்டை விட்டுட்டுப் போன்ல என்னடா கொஞ்சல்?"

டமாரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. பல் வலி சட்டென்று நின்றவர் முகம் மாதிரி.

"சீனியர் மெக்கானிக்னு பத்திரிகையில போடச் சொன்னது நீதானேடா? அதனால வந்த போன்தான் அது. நீ எந்தக் காலத்துலடா சீனியர், ஒட்டடைக் குச்சி?"

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் கொடுத்தவன்டா நான்."

"அதான் இப்படிப் பிடிக்கிறேன்."

ஒட்டடை சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டமாரம் புது போல்ட்டைப் போட்டு, கிளிப்பை மாட்டி, இறுக்கினார். டிக். ஸ்பேனரைத் தலைக்கு மேல் நீட்டினார். ஒட்டடை வாங்கி, குனிந்து, தானும் ஒரு முறை வைத்தார். டிக்.

"பரவாயில்ல. வீட்ல சோறு போடறாங்க போல."

டிரைவர்கள் கிளம்பத் தயாரானார்கள். சூப்பர்வைசர் அசையவில்லை.

"மீதி எட்டையும் தூக்குங்க. இதுல இடது பக்கத்தையும்."

"கணக்கு சரியாயிடுச்சே மேடம். பதினெட்டும் வந்தாச்சு," என்றார் டமாரம்.

"நேத்து எந்த போல்ட்டுக்காவது நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி டிக் வச்சீங்களா?"

இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள்.

"அப்ப தூக்குங்க. நானும் நேத்தே பார்த்திருக்கணும். பட்டறை அவ்வளவு அமைதியா இருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். ஒன்பது டிரைவர்களும் சட்டைக் கையை மடித்துச் சக்கரம் கழற்ற இறங்கினார்கள். டமாரம் இடது பக்கம் ஓடினார், ஒட்டடை வலது பக்கம். ஒருவர் வேலையில் மற்றவர் டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வசவு. அதில் சிலவற்றைத் தலைமையாசிரியை இருமலால் மூடினார். பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஏற்கெனவே முடிந்ததை ஒன்று என்று வைத்து, டிக் கேட்கும்போதெல்லாம் சேர்ந்து எண்ணினார்கள். பதினைந்து. பதினாறு. பதினேழு. எல்லாம் கச்சிதமாக இறுகியிருந்தன. பதினெட்டுக்கு அவர்கள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

பத்தேகாலுக்கு வேன்கள் கிளம்பின. வேகத்தடையில் ஒவ்வொரு டிரைவரும் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துக் காட்டினார். ஒன்பது ஜோடி விளக்கு, செக்கச்செவேல் என்று. கடைசி வேனின் பின் ஜன்னலில் ஒரு கூட்டம் மூக்கை அழுத்திக்கொண்டு, "டிக், டிக்" என்று கத்தியது.

"அண்ணே," என்றாள் சூப்பர்வைசர், பட்டறைக்குத் திரும்பும் வழியில். "கேட்டுக்கு வெளிய நீங்க சம்பந்திங்க. உள்ள வந்தா இல்ல. புரியுதா?"

புரிந்தது. அன்று மத்தியானம் வேறு ஒரு வேன் அதே ரீகாலுக்கு வந்தது. டமாரம் வலது பக்கம் படுத்துப் பழைய போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"பத்திரிகையில அவங்க பேரை முதல்ல போடறதா, நம்ம பேரை முதல்ல போடறதா?" என்றாள் மனைவி. "சம்பந்தியை மரியாதையா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

டமாரம் வாயைத் திறப்பதற்குள் வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஒட்டடைக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று யாருக்கும் தெரியாது.

"டேய் டமாரம், போனை வைடா. உன் போல்ட் பாதியில நிக்குது."

டமாரம் காத்திருந்தார். பூட்டுப் போட்டவளே திறக்கட்டும்.

"சம்பந்தியா பேசினது?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"உங்களை டேய்னா கூப்பிட்டார்?"

"ஆமா."

அவள் சிரிப்பை அடக்குவது இங்கே கேட்டது.

"அப்ப வைங்க. போல்ட்டை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."